இருண்ட திரையும் எரிந்த விளக்கும்

மாணவி, மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது பழமொழி. மனிதர்களுக்கு அது பொருந்தலாம், கணிப்பொறிகளுக்குப் பொருந்துவதில்லை. கணிப்பொறிக்கு முகம் என்பது அதன் திரை. அந்த முகம் இருண்டு கிடக்கும்போது உள்ளே எல்லாம் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கலாம். முகம் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே நோய் முற்றியிருக்கவும் கூடும். இந்த உண்மையைக் கடந்த டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமையன்று எனக்குக் கற்பித்தது, நான் படித்த மலைப் பள்ளியில் இருக்கும் ஒரு பழைய கணிப்பொறி.

நான் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவள். சாமையும் தினையும் விளையும் மலை. புளியும் பலாவும் தேனும் கிடைக்கும் மலை. ஐந்தாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மலையிலேயே உள்ள ஓர் உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தேன். அங்கே கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் பாறையின்மேல் ஏறி நிற்க வேண்டும். இத்தகைய இடத்தில் இணையத்தை நம்பிப் பாடம் நடத்த முடியுமா? எங்கள் கணித ஆசிரியர் அதற்கு ஒரு வழி கண்டார். பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, பாடநூல்களையும் காணொளிகளையும் 2003-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளையும் அதில் சேமித்துவைத்தார். அறையிலிருந்த மற்ற எட்டுக் கணிப்பொறிகளும் கம்பி வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

இப்படிக் கேட்டவர்க்குக் கேட்டதைக் கொடுக்கும் கணிப்பொறியைச் 'சர்வர்' என்கிறார்கள். ஓட்டலில் இட்லி பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றுதானே அழைக்கிறோம்? வேலையும் ஏறத்தாழ அதுதான். பிள்ளைகள் அதற்குச் சூட்டிய பெயர் 'பாடப்பெட்டி'.

பாடங்கள் மட்டும் அதில் இருந்திருந்தால் நான் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, எங்கள் ஆசிரியரின் தூண்டுதலால், மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து வரத் தொடங்கினோம். விதைகளின் பெயர், மூலிகைகளின் பெயர், தேன் எடுக்கும் முறை, ஊர்க் கதைகள் என்று 112 பதிவுகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று என் பாட்டியின் குரல். மார்கழி பிறக்கும்போது ஆறுமீன் மேற்கு மலையில் இறங்கினால் எழுந்து சாமை குத்த வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பார். சென்ற தை மாதத்தில் பாட்டி மறைந்துவிட்டார். அந்தப் பதிவுகளுக்கு வேறு நகல் இல்லை. எடுத்துவைக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம், ஒருவரும் எடுத்துவைக்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை மாலை ஆசிரியர் பாறைமேல் நின்று என்னை அழைத்தார்.

"ஏம்மா, பெட்டி செத்துப்போச்சும்மா. திங்கட்கிழமை ராத்திரி இடி மழையில கரண்டு போய் வந்துச்சு. அதிலிருந்தே சரியில்ல. இப்போ திரையே வரமாட்டேங்குது. கீழே டவுன்ல ஒரு கடையில கேட்டேன். எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திடலாம்னு சொல்றாங்க. அரையாண்டுத் தேர்வு வருது, என்ன பண்றது?"

"சார், ஒண்ணும் பண்ணாதீங்க. அழிக்க மட்டும் விட்டுடாதீங்க. நான் சனிக்கிழமை காலையில வந்துடறேன்" என்றேன். சொன்னேனே தவிர, போய் என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்கே தெரியாது.

சனிக்கிழமை வாணியம்பாடியிலிருந்து முதல் பேருந்தில் ஏறினேன். ஆலங்காயம் தாண்டி மலை ஏறியதும் காவலூர் வந்தது. வான ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர். 1960-களின் இறுதியில் டாக்டர் வைணு பாப்பு அங்கே ஒரு சிறிய தொலைநோக்கியோடு பணியைத் தொடங்கினார். 1972-இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்தார். அதற்காக உழைத்த பாப்பு அதைக் காணாமலே 1982-இல் காலமாகிவிட்டார்.

பேருந்து காவலூரில் நின்றபோது, எங்கள் இயற்பியல் வகுப்பில் கேட்ட ஒரு வரலாறு எனக்கு நினைவுக்கு வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியின் வழியாக அந்த விண்மீனின் ஒளியை அளந்து பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கோள் மறைப்பதற்கு உரிய நேரம் வருவதற்கு முன்பே ஒளி சட்டென்று சில நொடிகள் குறைந்து மீண்டது. யுரேனஸுக்கு அருகில் இதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோள் குறுக்கே வந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். 'நேச்சர்' இதழில் அவ்வாறே எழுதினார்கள். அதே நாளில் இந்துமாக்கடலுக்கு மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானமொன்றில் ஜேம்ஸ் எலியட்டின் குழுவினர் அதே விண்மீனைக் கவனித்தார்கள். அவர்களுடைய பதிவில் கோளுக்கு முன்னால் ஐந்து முறையும் பின்னால் ஐந்து முறையும் ஒளி குறைந்திருந்தது. இரு புறமும் ஒத்த தொலைவுகளில் குறைந்திருந்ததால் அவை வளையங்கள் என்று தெளிந்தது. காவலூரில் பதிவானதும் அவ்வளையங்களுள் ஒன்றின் நிழல்தான்.

காவலூர்க் கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரே ஓர் அறிகுறிக்குப் பல காரணங்கள் பொருந்தும். இன்னொரு கோணத்திலிருந்து இன்னொரு சான்று வரும்வரை எது உண்மை என்று சொல்ல இயலாது. 'திரை இருண்டுவிட்டது' என்பதும் அப்படிப்பட்ட ஒற்றை அறிகுறிதானே? இந்த எண்ணம் ஒன்றே அன்று நான் கையில் எடுத்துச் சென்ற கருவி.

பள்ளியை அடைந்தபோது மணி பத்தரை. பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுழன்றது. திரையில் 'சிக்னல் இல்லை' என்ற அறிவிப்பு ஒரு கணம் தோன்றி மறைந்தது. பிறகு இருட்டு. ஆசிரியர் பெருமூச்சு விட்டார். எனக்கும் நெஞ்சு படபடத்தது.

என் அருகில் நின்றுகொண்டிருந்த எட்டாம் வகுப்புச் சிறுமி விசைப்பலகையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இந்த வெளக்கு மட்டும் எரியுதுக்கா. அமுக்கினா எரியுது, மறுபடி அமுக்கினா அணையுது" என்றாள்.

அவள் காட்டியது கேப்ஸ் லாக் விசையின் சிறு பச்சை விளக்கு. அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு! அந்த விளக்கை விசை தானாக ஏற்றுவதில்லை. விசை அழுத்தப்பட்ட செய்தி கணிப்பொறிக்குப் போக, கணிப்பொறி ஆணையிட்ட பிறகே விளக்கு எரியும். விளக்கு மாறி மாறி எரிகிறதென்றால் உள்ளே உயிர் இருக்கிறது. இன்னொரு சான்றும் வேண்டுமே என்று, பக்கத்திலிருந்த கணிப்பொறியிலிருந்து 'பிங்' என்னும் கட்டளையைக் கொடுத்தேன். 'இருக்கிறாயா?' என்று கேட்கும் கட்டளை அது. 'இருக்கிறேன்' என்ற விடை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் வந்தது. செத்துப்போனதாகச் சொன்ன பெட்டி குரல் கொடுத்துவிட்டது.

அப்படியானால் கோளாறு பெட்டிக்கும் திரைக்கும் இடையில்தான் இருக்க வேண்டும். பின்புறம் எட்டிப் பார்த்தேன். திரைக் கம்பியைச் செருகுவதற்கு ஒரே மாதிரியான இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று தாய்ப்பலகையில் உள்ளது. மற்றொன்று பின்னால் தனியாகச் செருகிய கிராபிக்ஸ் கார்டில் உள்ளது. தனி கார்டு இருக்கும்போது பல கணிப்பொறிகள் படத்தை அதன் வழியாக மட்டுமே அனுப்பும். எங்கள் பெட்டியும் அந்த வகை. கம்பியோ தாய்ப்பலகையில் செருகியிருந்தது. கழற்றி மாற்றினேன். திரையில் நுழைவுப் பக்கம் தோன்றியது.

"புதன்கிழமை நான்தாம்மா இந்த மேசைக்கு மாத்தினேன். எந்தத் துளையில இருந்துச்சுன்னு பார்க்கல" என்றார் ஆசிரியர். எங்களைச் சுற்றி நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆனால் கைதட்டல் சீக்கிரமே நின்றுவிட்டது. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் திரை ஒரு முறை மினுக்கியது. மீண்டும் அதே நுழைவுப் பக்கம் வந்து நின்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் அதே கதை. "திங்கட்கிழமை இப்படித்தான் இருந்துச்சு" என்றார் ஆசிரியர். கடவுச்சொல் தவறென்றால் 'தவறு' என்று சொல்லியிருக்கும். இது உள்ளே அழைத்துப்போய் உடனே வெளியே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. ஆகவே கடவுச்சொல்லில் குற்றமில்லை. உள்ளே போனபின் தொடங்க வேண்டிய ஏதோ ஒன்று தொடங்கவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். எங்கள் பெட்டியில் திரையில் சாளரங்களை வரைந்து காட்டும் பொறுப்பு 'எக்ஸ்' என்னும் அமைப்பினுடையது. 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அது பிறந்தது. அதன் பதினோராவது பதிப்பு 1987-இல் வந்தது. அதன் வழித்தோன்றல்கள் இன்றும் பழைய லினக்ஸ் கணிப்பொறிகளில் வேலை செய்கின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், எக்ஸ் அமைப்பில் திரையைக் கையில் வைத்திருக்கும் நிரல்தான் 'சர்வர்'. படம் வரையச் சொல்லிக் கேட்கும் மற்ற நிரல்கள் எல்லாம் வாடிக்கையாளர்கள். ஆகவே எங்கள் பெட்டிக்குள் இரண்டு சர்வர்கள் இருந்தன. ஒன்று பாடம் பரிமாறுவது. மற்றொன்று திரையைப் பரிமாறுவது. ஒருவர் உள்நுழையும்போது, திரையைத் தொட அவருக்கு உரிமை உண்டு என்பதற்கான சிறு அனுமதிச் சீட்டு ஒன்று அவருடைய கோப்பகத்தில் எழுதப்பட வேண்டும். அதை எழுத முடியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

ஏன் எழுத முடியவில்லை? கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். படங்களே இல்லாத, எழுத்துகள் மட்டுமே உள்ள கறுப்புத் திரை வந்தது. அங்கே அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் தடையின்றி உள்ளே விட்டன. வட்டில் எவ்வளவு இடம் மீதியிருக்கிறது என்று கேட்டேன். நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது என்று பதில் வந்தது. ஒரு சிறு சீட்டு எழுதக்கூட இடமில்லை! பாடம் பரிமாறும் சர்வர் எழாததற்கும் அதுவே காரணம். அதுவும் தொடங்கும்போது சில குறிப்புகளை எழுதியாக வேண்டும்.

இடம் உண்டாக்க எதையாவது அழிக்க வேண்டும். ஆனால் அழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. என் பென் டிரைவைச் செருகி, அந்த 112 ஒலிப்பதிவுகளையும் முதலில் நகல் எடுத்தேன். அது முடிந்த பிறகே எனக்கு மூச்சு வந்தது.

பிறகு எந்தக் கோப்பு வட்டை விழுங்கியது என்று தேடினேன். ஒரே ஒரு குறிப்பேட்டுக் கோப்பு. அளவு ஏறத்தாழ 30 ஜிகாபைட்! அதன் கடைசிப் பகுதியை மட்டும் திறந்து பார்த்தேன். ஒரே முறையீடு திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. 'இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்பது அதன் சாரம். ஒரு பந்தியில் ஒரு சர்வர் பரிமாறிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து அதே பந்தியில் நிற்க முயல்கிறார்; இடமில்லை என்று வெளியேற்றப்படுகிறார்; ஒரு நொடி கழித்து மறுபடி வருகிறார். ஒவ்வொரு முறை வெளியேறும்போதும் ஒரு புலம்பலை எழுதிவைத்துவிட்டுப் போகிறார். ஒரு புலம்பல் ஏறத்தாழ 2 கிலோபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடிகள். ஆக, நாளொன்றுக்கு 170 மெகாபைட்டுக்கு மேல். இரவும் பகலும் ஓடும் பெட்டியில் ஆறு மாதத்தில் 30 ஜிகாபைட். கணக்கு சரியாக இருந்தது.

இரண்டாவது சர்வரை அழைத்து வந்தவர் யார்? தொடக்கத்தில் இயங்க வேண்டியவற்றின் பட்டியலைத் திறந்தேன். கடைசியில் ஒரு வரி தனியாக இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு முகம் வெளிறிவிட்டது. ஆம், அதை எழுதியவள் நானே!

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளிக்கு வந்திருந்தேன். "கரண்டு போய் வந்தா பெட்டி தானா எழுந்திருக்குமாம்மா?" என்று ஆசிரியர் கேட்டார். தானே எழுப்பும் ஏற்பாட்டை அவர் முன்பே செய்திருந்தார். அது இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. விழுந்தால் ஒரு நொடியில் எழுப்பும்படி என் பங்குக்கு ஒரு வரியை எழுதிவிட்டு, கல்லூரி மாணவி என்ற பெருமிதத்தோடு பேருந்து ஏறிவிட்டேன். ஒரு கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்தேன். ஆறு மாதங்கள் எந்தக் குறையும் வெளியே தெரியவில்லை. திரை அழகாக இருந்தது, பாடங்கள் வந்தன. உள்ளே மட்டும் நொடிக்கொரு புலம்பல் சேர்ந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில் என் மனத்தில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் கறுப்புத் திரையில் இருந்ததைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. 'மின்னலால் வந்த கோளாறு சார்' என்று சொல்லிவிட்டு அந்த வரியை ஓசைப்படாமல் அழித்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கைகூட விசையை நோக்கி நகர்ந்தது. அப்போது அந்தச் சிறுமி, "என்னக்கா, கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள். பச்சை விளக்கை உள்ளபடி சொன்ன பெண்ணிடம் நான் எப்படிப் பொய் சொல்வேன்?

"சார், இது நான் பண்ண தப்பு" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து என் முன் வைத்தார். "சரிம்மா. இதையும் எழுதி வை. நான் கம்பியை மாத்திச் செருகினதையும் எழுது. நாளைக்கு வேற யாராவது இதே மாதிரி தவிச்சா படிச்சுப் பார்க்கட்டும்" என்றார்.

என் வரியை நீக்கினேன். அந்தப் பெரிய கோப்பைக் காலி செய்தேன். பெட்டியை அணைத்து மீண்டும் எழுப்பினேன். திரையும் வந்தது, எட்டுக் கணிப்பொறிகளிலும் பாடங்களும் வந்தன. நோட்டில் எழுதும்போதுதான் முழு வரிசையும் எனக்கு விளங்கியது. முதல் பிழை ஜூன் மாதத்தில் நான் எழுதிய வரி. அதனால் வட்டு நிரம்பியது. மின்சாரம் போய் வந்தபோது இரண்டு சர்வர்களும் எழ இயலவில்லை. அதனால் ஆசிரியர் பெட்டியை இடம் மாற்றினார், கம்பி மாறியது, திரை இருண்டது. ஆக, எங்கள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கடைசியாக நேர்ந்த பிழை! முதலாவதாக நேர்ந்ததைக் காண நாங்கள் வந்த வழியெல்லாம் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. நோயைக் கண்டதும் அதன் முதற்காரணத்தைத் தேடச் சொன்ன வள்ளுவர் இதைத்தான் அறிவுறுத்தினார் போலும்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றியிருந்தால் திரை வந்திருக்கும். ஆனால் 112 குரல்கள் போயிருக்கும். என் பிழையும் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். அடுத்த ஜூன் மாதம் அதே பெருமிதத்தோடு அதே வரியை மீண்டும் எழுதியிருப்பேன். காவலூரில் 1977-இல் நடந்ததும் இதையே எனக்குச் சொல்கிறது. துணைக்கோள் என்று கருதியது பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் அன்றிரவு எடுத்த பதிவு நிலைத்து நின்று, வளையங்களுக்கு ஒரு சான்றாயிற்று. நம் கருத்து தவறலாம். பதிவைக் காப்பாற்றி வைத்தால் உண்மை ஒரு நாள் அதிலிருந்தே வெளிப்படும்.

அன்று மாலை, ஒலிப்பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க அந்தச் சிறுமி ஏதோ ஒன்றை ஓடவிட்டாள். பதினேழாவது பதிவு. என் பாட்டி பேசினார். அறையிலிருந்த பிள்ளைகள் ஆறுமீனைப் பற்றிக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் சன்னலோரம் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து முதல் பேருந்துக்காகச் சாலையில் நின்றேன். மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மார்கழி பிறக்கும் வேளை. பாட்டி சொன்னபடியே ஆறுமீன் மேற்கு மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் இருட்டு. அந்த இருட்டை நம்பித்தான் காவலூரில் தொலைநோக்கிகள் வேலை செய்கின்றன என்பது அப்போது நினைவுக்கு வந்தது. என் பையில் அந்தப் பதிவுகளின் நகல் இருந்தது. அதிலிருந்து இன்னொரு நகலை எடுத்து இப்போது வேறோர் இடத்திலும் வைத்திருக்கிறேன்.